வயதுக் கணக்கு கேட்டாயே

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே மழை பெய்தும் வெக்கை அடங்கவில்லை. என் மூட்டுவலியும் அப்படியேதான் இருக்கிறது.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். குரூப் 4 தேர்வில் திறனறிவுக்கு 25 கேள்விகள்; வயதுக் கணக்கைக் கண்டாலே அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறாள் என்று எழுதியிருந்தாய். கணக்கு கஷ்டமில்லை, அவசரம்தான் கெடுக்கிறது. எக்ஸ் என்று எழுதிவிடுவார்கள்; அது யாருடைய வயது, இப்போதைய வயதா, சில ஆண்டு கழித்து வரும் வயதா என்று கேட்டால் முழிப்பார்கள். அதனால் எக்ஸே வேண்டாம், மகனுக்கு 'ம' என்றே வைக்கட்டும்.

அப்பா வயது மகன் வயதைப்போல் மூன்று மடங்கு. 12 ஆண்டு கழித்து இரண்டு மடங்காகிவிடும். மகன் இப்போது ம, அப்பா 3ம. பன்னிரண்டை இரண்டு பேருக்கும் கூட்ட வேண்டும். அப்பாவுக்கு மட்டும் கூட்டிவிட்டு மகனை அப்படியே விடுவதுதான் வழக்கமான தப்பு. 3ம + 12 = 2(ம + 12). ம = 12, அப்பாவுக்கு 36. பிறகு 24, 48. சரியாக வருகிறதா?

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு வழி. எத்தனை வருடம் போனாலும் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் மாறாது. மூன்று மடங்காக இருக்கும்போது வித்தியாசம் 2ம. இரண்டு மடங்காகும்போது அதே வித்தியாசம் மகனுடைய அப்போதைய வயது, அதாவது ம + 12. 2ம = ம + 12. வாயாலேயே போட்டுவிடலாம்.

இன்னொன்றையும் பாப்பாவிடம் கொடு. அப்பாவுக்கு 40, மகளுக்கு 15. எத்தனை ஆண்டில் அப்பா வயது ஆறு மடங்காகும்? 40 + ஆ = 6(15 + ஆ) என்று போட்டால் ஆ = -10 என்று வரும். பிள்ளைகள் பயந்துபோய் ரப்பரை எடுத்துவிடுவார்கள். அழிக்க வேண்டியதில்லை. 10 ஆண்டுக்கு முன்பே அது நடந்து முடிந்துவிட்டது: 30, 5. கேள்வி கேட்டவன் காலத்தைத் தப்பாகச் சொன்னாலும் சமன்பாடு திருத்திச் சொல்கிறது பார், இந்த இடம்தான் எனக்கு அல்ஜீப்ராவில் ரொம்பப் பிடிக்கும்.

உனக்கும் ஒன்று. டயோஃபாண்டஸ் என்ற கிரேக்கக் கணித மேதையின் வயதைக் கேட்கும் பழைய புதிர். ஆயுளில் ஆறில் ஒரு பங்கு சிறுபிள்ளைப் பருவம், பன்னிரண்டில் ஒரு பங்கு இளமை, பிறகு ஏழில் ஒரு பங்கு கழித்துக் கல்யாணம், 5 ஆண்டில் மகன். அந்த மகன் அப்பாவின் ஆயுளில் பாதிதான் வாழ்ந்தான். அவன் போய் 4 ஆண்டில் அப்பாவும் போனார். சமன்பாடு போட்டால் 84. போடாமலும் சொல்லலாம்: முழு எண்ணாக வர 12, 7 இரண்டாலும் வகுபட வேண்டும், மனுஷ ஆயுளுக்குள் வேறு எண் ஏது? தேர்வில் நாலு விடை கொடுத்திருக்கும்போது இந்தக் குறுக்குவழி நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

தீபாவளி கழிந்து அங்கே வருவதாக இருக்கிறேன். பாப்பா விட்டுவிட்ட கணக்குகளை ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல், உட்கார்ந்து பார்த்துவிடலாம். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்