ஜாஸ் பட்டியலில் விடுபட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜாஸ் ரசிகர்களிடம் இருந்தே ஆக வேண்டிய பத்து ஆல்பங்கள் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த இசைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் பத்தில் ஒன்றுகூட 1956-க்கு முந்தையது இல்லை. நான்கு ஆல்பங்கள் 1959-ல் பதிவானவை: மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’, சார்லஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ அம்’, ஆர்னெட் கோல்மனின் ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’. நான்கையும் நான் உயிராக நேசிக்கிறேன். ஒன்றையும் நீக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பட்டியலை மட்டும் நம்பிச் சேகரிக்கத் தொடங்கும் ஒருவருக்கு லூயி ஆம்ஸ்ட்ராங் என்று ஒரு ட்ரம்பெட் கலைஞர் இருந்ததே தெரியாமல் போய்விடும்.

எல்.பி. எனப்படும் நீண்ட நேர இசைத்தட்டை கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1948-ல்தான். அதற்கு முன் இருந்தது நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டு. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் பதியலாம், அவ்வளவுதான். அந்த மூன்று நிமிடத்துக்குள் தங்கள் கலையின் உச்சத்தைத் தொட்டவர்களை, ஆல்பம் போடவில்லை என்ற காரணத்துக்காக வெளியே நிறுத்துவது பெரிய அநியாயம்.

‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ என்ற பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1928 ஜூன் மாதம் பதிவானது. துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல் ஆம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட் மட்டும் தனியே எழுகிறது. கால் நிமிடம்கூட ஆகாது. அதற்குள் கீழிருந்து உச்சிக்கு ஏறி, அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கி, நிதானமான ப்ளூஸில் வந்து அமர்கிறார். நடுவில் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, சொற்களே இல்லாமல் கிளாரினெட்டுக்குப் பதில் பாடுகிறார். அடுத்து ஏர்ல் ஹைன்ஸின் பியானோ. கடைசிச் சுற்றில் ஆம்ஸ்ட்ராங் ஒரே உச்ச ஸ்வரத்தைப் பிடித்து, விடாமல் நீட்டிக்கொண்டே போகிறார். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். பதிவில் இரைச்சல் உண்டு. சிறிது நேரத்தில் காது அதை ஒதுக்கிவிடும்.

ஆகவே ஆம்ஸ்ட்ராங்கின் ‘ஹாட் ஃபைவ்’, ‘ஹாட் செவன்’ குழுக்களின் 1925 முதல் 1928 வரையிலான பதிவுகளின் தொகுப்பே என் பட்டியலில் முதலிடம் பெறும். அடுத்து, டியூக் எலிங்டன் குழுவின் 1940-42 பதிவுகள். ‘காட்டன் டெயில்’ கேட்டுப் பாருங்கள்: பென் வெப்ஸ்டரின் சாக்ஸபோன் முன்னே பாய, அடியில் ஜிம்மி பிளாண்டனின் பாஸ் (கனத்த கீழ்ச்சுருதி நரம்பு வாத்தியம்) துள்ளிக்கொண்டே வருகிறது. பிளாண்டன் 1942-ல் இறந்தபோது வயது 23. பிறகு, பில்லி ஹாலிடேயின் குரலும் லெஸ்டர் யங்கின் சாக்ஸபோனும் இழைந்து வரும் 1937 முதலான பதிவுகள். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் 1945 ‘கோ-கோ’வும் அவசியம். மனோதர்மம் இவ்வளவு வேகத்திலும் தெளிவு குலையாமல் பாயுமா என்று திகைப்பீர்கள்.

தேர்ந்தெடுத்த ஆல்பங்களைப் பற்றியும் ஒரு குறை. தலைமைக் கலைஞரின் பெயர் மட்டுமே அச்சாகியிருந்தது. பியானோ கலைஞர் பில் எவன்ஸின் ‘சண்டே அட் தி வில்லேஜ் வேன்கார்ட்’ ஆல்பத்துக்கு, அதில் பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோவின் பெயர் இல்லாமல் எப்படி அறிமுகம் எழுத முடியும்? அதில் இரண்டு உருப்படிகள் அவர் இயற்றியவை. அவருடைய பாஸ் பின்னால் ஒதுங்கி நிற்பதில்லை. பியானோவுக்குச் சமமாகப் பேசுகிறது, குறுக்கிடுகிறது. அந்தக் கச்சேரி நடந்தது 1961 ஜூன் 25. பதினொரு நாள் கழித்து, 25 வயதில், கார் விபத்தில் அவர் இறந்துபோனார். ‘டைம் அவுட்’ ஆல்பத்தில் வரும் ‘டேக் ஃபைவ்’வை இயற்றிய பால் டெஸ்மண்டின் பெயரும் கட்டுரையில் இல்லை.

பழைய பதிப்புகளைத் தேடுவோருக்கு ஒரு தகவலும் தந்திருக்கலாம். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் பக்கத்தைப் பதிந்த ஒலிநாடாக் கருவி சற்று மெதுவாக ஓடியதால், தட்டில் அந்த மூன்று உருப்படிகளும் இயல்பைவிடச் சற்று வேகமாகவும் சுருதி உயர்ந்தும் ஒலித்தன. 1992 மறுபதிப்பில்தான் இது சரிசெய்யப்பட்டது. தட்டை ஓடவிட்டு அதனுடன் சேர்ந்து வாசித்துப் பழகுபவர்கள் அதற்குப் பிந்தைய பதிப்பை வாங்குவதே நல்லது.

பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸும், தம்பூராவின் ரீங்காரத்தோடு ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’வைத் தந்த ஆலிஸ் கோல்ட்ரேனும் பட்டியலில் இல்லாதது எனக்கு வருத்தமே. அடுத்த பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதை 1925-லிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே, வாசித்த அத்தனை பேரின் பெயரையும் பதிவான ஆண்டையும் அச்சிடுங்கள். அதற்கு இடம் போதாவிட்டால் படங்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்