பிள்ளைகள் குனிந்து ஓடக்கூடிய உடை கொடுங்கள்

பாடசாலைகளுக்கு விளையாட்டு உடை கொள்வனவு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். இம்முறை வந்த உடைகள் குனிந்தால் உடம்பு தெரிகிற மாதிரி இருப்பது பற்றிய முறைப்பாடுகள் உங்களுக்குக் கிடைத்திருக்கும். அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. மலையகப் பாடசாலை ஒன்றின் விளையாட்டு ஆசிரியையாக ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நூறு மீற்றர் ஓட்டத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது ஒருத்தி என்னிடம் ஓடி வந்து, "நின்டுகிட்டே ஓடலாமா டீச்சர்?" என்று கேட்டாள். 400 மீற்றர் வரையான ஓட்டங்களைக் குனிந்துதான் தொடங்க வேண்டும் என்பது விதி. அது அவளுக்கும் தெரியும். ஆனால் குனிந்தால் நீங்கள் கொடுத்த லெகிங்ஸ் இழுபட்டு உள்ளாடை தெரிகிறது. மைதானத்தைச் சுற்றி ஊரே நிற்கிறது. பயிற்சியில் எல்லோரையும் முந்துகிற பிள்ளை அன்று இடுப்பைச் சரியாக உயர்த்தாமலே கிளம்பிக் கடைசியாக வந்தாள். இதை நான் எந்தப் படிவத்தில் எழுதுவது?

துணி இழுபட்டால் மட்டும் போதாது, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். பின்னல் துணி வளையம் வளையமாகக் கோர்த்தது என்பதால் தானாகவே இழுபடும். அதைத் திரும்பக் கொண்டுவருவது கூடவே பின்னும் எலாஸ்டேன் இழை, கடைகளில் லைக்ரா என்பார்களே, அது. அந்த இழையைக் குறைத்து, மெல்லிய நூலில் தளர்வாகப் பின்னினால் விலை குறையும். முழங்காலில் துணி தொங்கும், குனிந்தால் வளையம் விரிந்து உடம்பு தெரியும். தையலும் அப்படித்தான். துணியோடு சேர்ந்து இழுபடாத நேர்த்தையலைப் போட்டால் நீளம் பாய்கிற பிள்ளைக்குத் தொடையில் நூல் அறுந்துவிடும்.

எங்கள் குளிரையும் யோசியுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும் பருத்தி டீசேர்ட்டோடு ஓட்டம் முடிந்து காற்றில் நின்றால் பிள்ளை நடுங்குகிறாள். மழை மாதங்களில் தோட்டத்து லயங்களின் வரிசை வீடுகளில் துணி காய்வது அடுப்புக்கு மேல் கட்டிய கொடியில்தான். அந்தச் சூடு எலாஸ்டேனைக் கெடுக்கும். வேறு எங்கே காயப்போடுவார்கள்?

நல்ல துணியும் நல்ல தையலும் தெரியாத நாடா இது? கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. அங்கே கார்மென்டில் இருந்துகொண்டு வெளிநாட்டு வீரர்களுக்கு உடை தைக்கிறவர்களில் எங்கள் தோட்டத்து அக்காமாரும் இருக்கிறார்கள். அவர்களுடைய தங்கச்சிமாருக்கு மட்டும் ஏன் இந்தத் துணி? தோட்டத்துப் பிள்ளைகள்தானே, இது போதும் என்று யாராவது நினைத்திருந்தால் அதை என்னால் பொறுக்க முடியாது.

சரி, கோபத்தை இதோடு நிறுத்திக்கொண்டு கேட்கிறேன். வாங்குவதற்கு முன் உடுத்திப் பாருங்கள். மாதிரி உடையை ஒல்லியான பிள்ளைக்கும் பருமனான பிள்ளைக்கும் போட்டு, வெயில் வெளிச்சத்தில் குனியச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பத் துவைத்து, முழங்காலையும் இடுப்பையும் அளந்து பாருங்கள். அதில் தேறாத துணி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். விலைமனுவிலேயே இதை நிபந்தனையாகப் போட்டுவிடுங்கள்.

மாதிரிகளைப் பார்க்கும் நாளில் விளையாட்டு ஆசிரியைகள் இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள். திகதியைச் சொன்னால் நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

நன்றியுடன்,
ஒரு விளையாட்டு ஆசிரியை