அந்த நட்சத்திரத்தை முதலில் எடு

அன்பு மாப்ள,

இங்கே எல்லோரும் நலம், அங்கேயும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். இத்தனை நாள் பதில் போடாததற்கு எப்படியும் திட்டுவாய். அதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள். யார் எந்த ரிப்போர்ட்டைத் தொடலாம் என்று முடிவு செய்ய நீ ஜாவாவில் எழுதி அனுப்பிய ரிப்போர்ட்பர்மிஷன் கிளாஸ் லைவுக்குப் போவதற்குள் இதைப் படித்துவிடு.

ஜாவாவில் ஏற்கெனவே இருக்கும் பேசிக்பர்மிஷன் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து (அடிப்படையாக வைத்து) அதன் மேல் ரீட், ரைட், டெலீட் என்று ஆக்‌ஷன்களை ஒட்டியிருக்கிறாய். பேசிக்பர்மிஷனோ பெயரை மட்டும் பார்க்கிற ஜென்மம். ஆக்‌ஷன் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. இந்த அனுமதி அந்த வேலைக்குப் போதுமா என்று சொல்கிற இம்ப்ளைஸ் மெத்தடை ஓவர்ரைடு செய்து (நீயே மாற்றி எழுதி), எந்தெந்த வேலைக்கு அனுமதி என்பதைக் குறிக்கும் எண்ணான மாஸ்க்கை ஒப்பிட்டிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் நியூபர்மிஷன்கலெக்‌ஷன் மெத்தடைத் தொடவே இல்லையே! அப்படியானால் உன் அனுமதிகளைச் சேர்த்து வைக்கிற டப்பா இன்னமும் பேசிக்பர்மிஷனுடையதுதான். வினை அங்கேதான்.

அந்த டப்பா பெயரைச் சாவியாக வைத்த ஒரு மேப், ஒரு பெயருக்கு ஓர் இடம்தான். “ரிப்போர்ட்.சேல்ஸ்” என்ற பெயருக்கு முதலில் ரீட் சேர்க்கிறாய், பிறகு ரைட் சேர்க்கிறாய். இரண்டாவது முதலாவதை அழித்துவிட்டு உட்காரும். எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) கிடையாது, லாகில் ஒரு பதிவும் கிடையாது. யூசர் வந்து “நேற்றுவரை படிக்க முடிந்தது” என்று புலம்பும்போதுதான் தெரியும்.

இதுகூடப் பரவாயில்லை, அனுமதி குறைகிறது, அவ்வளவுதான். அடுத்ததுதான் வயிற்றைக் கலக்குகிறது. வெறும் “*” என்ற பெயரில் ஓர் அனுமதி சேர்ந்தால், அந்த டப்பா ‘எல்லாம் சரி’ என்று உள்ளே ஒரு கொடியை ஏற்றிவிடும். அதன்பின் அதே கிளாஸில் எதைக் கேட்டாலும் உடனே ட்ரூ. உன் இம்ப்ளைஸை அது கூப்பிடுவதே இல்லை. உன் கான்ஃபிக்கில் ஆடிட்டருக்கு “*”, ரீட் மட்டும் என்று இருக்கிறது. அந்த ஆடிட்டர் இப்போது எல்லா ரிப்போர்ட்டையும் டெலீட் செய்யலாம், மாப்ள! உண்மையைச் சொல், கான்ஃபிக்கை, எங்கும் “*” போடுகிற அந்த ஸ்டார் சாமியிடம்தானே கொடுத்தாய்?

சரி, மாற்றுவது எப்படி? பேசிக்பர்மிஷனை விட்டுவிட்டு நேராக பர்மிஷன் கிளாஸையே எக்ஸ்டெண்ட் செய். ஆனால் அதன் நியூபர்மிஷன்கலெக்‌ஷன் இயல்பாக நல் (null, அதாவது ஒன்றுமில்லை) தரும், அதுவே போதும் என்று எண்ணி நிறுத்திவிடாதே. நல் வந்தால், எல்லா அனுமதிகளையும் சேர்த்து வைக்கிற பர்மிஷன்ஸ் கிளாஸ் தானே ஒரு ஹாஷ் மேப்பை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவற்றைத் தனித்தனியாக ‘நீ போதுமா, நீ போதுமா’ என்று கேட்கும், கூட்டிப் பார்க்காது. ரீட் 1, ரைட் 2, டெலீட் 4 என்று வை. டப்பாவில் “ரிப்போர்ட்.*” 1 இருக்கிறது, “ரிப்போர்ட்.சேல்ஸ்” 2 இருக்கிறது. சேல்ஸுக்கு ரீட், ரைட் இரண்டும் சேர்த்துக் கேட்டால் வேண்டியது 3. முதலாவது தனியாகப் போதாது, இரண்டாவதும் தனியாகப் போதாது, பதில் ஃபால்ஸ். இரண்டையும் ‘ஆர்’ (OR) செய்து ஒரே மாஸ்க்காக இணைத்திருந்தால் 3 வந்திருக்கும்.

ஆகவே சொந்தக் கலெக்‌ஷன் எழுதியே ஆகவேண்டும். ஆட் மெத்தடில் முதலில் ரீட்ஒன்லியா (இனிச் சேர்க்க முடியாததா) என்று பார்த்து, ஆம் என்றால் செக்யூரிட்டிஎக்ஸெப்ஷன் எறி, வேறு கிளாஸ் வந்தால் இல்லீகல்ஆர்க்யுமென்ட்எக்ஸெப்ஷன் எறி. பிறகு கன்கரன்ட்ஹாஷ்மேப்பின் மெர்ஜ் கொண்டு, அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் இரண்டு மாஸ்க்கையும் ‘ஆர்’ செய்த புது ஆப்ஜெக்ட்டைப் போடு. இம்ப்ளைஸில் 0-இல் தொடங்கி முழுப் பெயர், பிறகு கடைசிப் புள்ளியோடு வெட்டி “ரிப்போர்ட்.*”, முடிவில் “*” என்று ஒவ்வொன்றின் மாஸ்க்கையும் சேர்த்துக்கொண்டே போ, வேண்டியது நிறைந்ததும் ட்ரூ. ஜாவாவின் ப்ராப்பர்ட்டிபர்மிஷன் உள்ளுக்குள் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது, சோர்ஸைத் திறந்து பார். இரண்டு அனுமதிகள் ஒன்றுதானா என்று பார்க்கிற ஈக்வல்ஸில் மாஸ்க்கும் இருக்கட்டும்.

அந்த ஆடிட்ரிப்போர்ட்பர்மிஷன் சப்கிளாஸ் வேண்டாம். பர்மிஷன்ஸ் ஒவ்வொரு கிளாஸுக்கும் தனி டப்பா வைக்கும். சப்கிளாஸைக் கேட்டால் தாய் கிளாஸின் டப்பாவை எட்டிக்கூடப் பார்க்காது.

இன்னொன்று, ரிமூவ் மெத்தடைத் தேடி அலையாதே. பர்மிஷன்கலெக்‌ஷனில் அது கிடையாது. யாருடைய அனுமதியையாவது பறிக்க வேண்டுமென்றால், புதிதாக ஒன்று கட்டி, செட்ரீட்ஒன்லி செய்து, வாலடைல் ஃபீல்டில் (மாற்றினால் எல்லா த்ரெட்டுக்கும் தெரிகிற இடத்தில்) பழையதற்குப் பதிலாக மாற்றி வை. ப்ரொடெக்‌ஷன்டொமைனிடம் கொடுத்த கலெக்‌ஷனை அது தானாகவே ரீட்ஒன்லி ஆக்கிவிடும், அதற்குப் பிறகு ஆட் செய்தால் வெடிக்கும்.

ஜாவாவின் பழைய காவலாளியான செக்யூரிட்டி மேனேஜர் பார்த்துக்கொள்ளும் என்று கமென்ட்டில் எழுதியிருக்கிறாயே, யாரை நம்பி? 2021-இல் ஜாவா 17-லேயே அதை நீக்கப்போவதாக அறிவித்தாயிற்று. 2025-இல் வந்த ஜாவா 24-இல் அதை இயக்கவே முடியாது. சர்வீஸ் லேயரில் இம்ப்ளைஸை நீதான் கூப்பிட வேண்டும், ஃபால்ஸ் என்றால் நீதான் தடுக்க வேண்டும்.

“*” ரீட் மட்டும் சேர்த்து, டெலீட் கேட்டால் ஃபால்ஸ் வர வேண்டும்: முதல் டெஸ்ட் அதுதான். மேலே சொன்ன 1-ம் 2-ம் சேர்ந்து 3 வருகிறதா என்பது இரண்டாவது. இரண்டும் பச்சை ஆனதும் கோடிங்கை அனுப்பு, மீதியைத் திட்டுகிறேன். ஸ்டார் சாமியின் ரைட் அனுமதியை அதுவரை எடுத்து வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சு