"நீங்க எந்தத் தோட்டம்?"

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில், ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த எங்கள் சுங்கை சிப்புட்டில், கல்யாண வீட்டிலோ துக்க வீட்டிலோ முன்பின் அறியாத இரு பெரியவர்கள் சந்தித்தால், "நீங்க எந்தத் தோட்டம்?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும். பதில் வந்த சற்று நேரத்தில், எந்த லயம் (தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள்), எந்தக் கிராணியின் (தோட்ட எழுத்தரின்) காலம், யாருக்கு யார் உறவு என்பதெல்லாம் தெரிந்துவிடும். அண்மையில் ஒரு பாட்டி என் பேத்தியிடம் இதையே கேட்டார். அவள் நாங்கள் இப்போது குடியிருக்கும் தாமானின் (வீடமைப்புப் பகுதியின்) பெயரைச் சொன்னாள். பேச்சு அதோடு நின்றுவிட்டது. அது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

பண்பாடு என்றதும் நம் மேடைகளில் சங்க இலக்கியம் பேசப்படுகிறது; அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து, ஆள் சேர்த்த கங்காணிமாரின் பின்னே கப்பலேறி வந்து, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புதிதாய் இருந்த மக்களை ஒரு சமூகமாக்கியவை விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களமும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும் மாரியம்மன் திருவிழாவும்தாம். அங்கே சாதி இல்லாமல் போய்விடவில்லை. பெண் கொடுப்பதிலும் கோயில் மரியாதையிலும் அது இருக்கவே செய்தது. ஆயினும், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் லயமே அடுப்பேற்றாமல் அந்த வாசலில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, இவ்வூரின் மைந்தரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழிசெய்தார். நாள்கூலிக்குப் பால் வெட்டியவர்கள் முன்பின் காணாத ஒரு சங்கத்தை நம்பிச் சிறுகச் சிறுகப் பணம் கட்டினார்களே, அந்த நம்பிக்கையை அவர்கள் ஆண்டுதோறும் திருவிழா வரி கட்டிப் பழகியதில்தான் பெற்றார்கள் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன. தோட்டத்துப் பலகையில் நிறுவனத்தார் வைத்த பெயர் ஒன்று. "மூணாங்கட்டைத் தோட்டம்" (மூன்றாம் மைல்கல் தோட்டம்) என்பது போல நம்மவர் வாயில் வழங்கிய பெயர் வேறொன்று. முன்னது ஆவணங்களில் இருக்கும். பின்னதை அறிந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு தோட்டம் என, அதன் தமிழ்ப் பெயர், அப்பெயர் வந்த காரணம், அங்கிருந்த கோயில், பள்ளி ஆகியவற்றை வாசகர்களிடமிருந்து பெற்று வெளியிட அரைப்பக்கம் ஒதுக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்லலாம்.

எங்கள் லயத்தில் இருபது வீடுகள். வரிசையாக யார் யார் இருந்தார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். பதினான்காம் வீட்டுக்காரரின் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அதை அறிந்த ஓர் அக்காள் ஈப்போவில் இருக்கிறார்; வரும் ஞாயிற்றுக்கிழமை பேத்தியையும் அழைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.