ஆறு பிரஷர் பேக் கேட்டு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில், எங்கள் மருத்துவமனை வாரியத்தில் இருக்கும் தமிழ்ப் பெரியவர்களுக்கு,

வணக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ் எழுதுகிறேன். பெரிய வெள்ளி இரவு 2 மணியிலிருந்து 2.40 வரை மூன்றாம் படுக்கையின் சார்ட்டில் ரத்த அழுத்தம் ஏன் எழுதப்படவில்லை என்று நிர்வாகம் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் வேண்டுமாம். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கோயில் வாசலில் பார்க்கும்போது நீங்கள் மட்டும்தான் "என்னம்மா, ஆஸ்பத்திரி எப்படிப் போகுது?" என்று தமிழில் கேட்கிறீர்கள். அதனால் உங்களுக்குத் தமிழில்.

பிரஷர் பேக், அதாவது சலைன் பையைச் சுற்றிக் கட்டிக் காற்றடித்து அமுக்கும் உறை, அந்த விவகாரம் உங்களுக்குப் புதிதல்ல. மூன்று தடவை எழுதிக் கொடுத்தோம். படுக்கை ஆறு, காற்று ஒழுகாத பை இரண்டு. மற்ற நான்கிலும் பம்ப் குழாயை ஃபோர்செப்ஸ் போட்டு நெரித்து, மேலே பிளாஸ்டர் சுற்றி வைத்திருக்கிறோம். சலைன் பையைச் சுற்றி 300 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் நிற்க வேண்டும். நின்றால்தான் மணிக்கு 3 மில்லி அளவில் சலைன் போய், ரத்த அழுத்தத்தை அளக்கத் தமனிக்குள் வைத்திருக்கும் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கும். காற்று இறங்கினால் ரத்தம் குழாயில் ஏறும். அப்புறம் உறையும்.

அன்று இரவு உங்களில் பலர் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் இருந்திருப்பீர்கள். எனக்கு இரண்டு படுக்கை. மூன்றாவதில் ஒரு கோகோ (ஜூலு மொழியில் பாட்டி), ரத்தத்தில் கிருமி பரவி, ரத்த அழுத்தத்தை ஏற்றும் நோர்அட்ரினலின் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. சராசரி அழுத்தம் 65-க்குக் கீழே போகக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தப் பையைக் கையால் அமுக்கி ஏற்றிக்கொண்டே இருந்தேன். 2 மணிக்குச் சற்று முன் பக்கத்துப் படுக்கையில் மருந்து சிரிஞ்ச் தீர்ந்து அலாரம் அடித்தது. அதை மாற்றிவிட்டுத் திரும்பினால், கோகோவின் திரையில் அலை தட்டையாகப் படுத்திருந்தது. குழாயில் சிவப்பு ஏறியிருந்தது. ஃப்ளஷ் செய்தேன், போகவில்லை. உறைந்துவிட்டது.

சரி, கைப்பட்டை கட்டலாம் என்றால், வீங்கிப்போன அந்தக் கைக்குப் பெரிய பட்டை வேண்டும். இருந்தது நடு அளவு. சின்னப் பட்டை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். அன்றைக்கு அதுகூடக் காட்டவில்லை. ஊதும், இறங்கும், திரையில் மூன்று கோடு வரும். நோர்அட்ரினலினைக் கூட்டுவதா குறைப்பதா என்று யாருக்கும் தெரியாது. தொடையிடுக்கில் விரலை வைத்துத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இளம் டாக்டர் மணிக்கட்டில் குத்திப் பார்த்தார். இடது கையில் இரண்டு தடவை, வலது கையில் இரண்டு தடவை. பாதி மயக்கத்திலும் அந்த அம்மா நான்கு தடவையும் கையை இழுத்துக்கொண்டார். கடைசிக் குத்தில் கிடைத்தது. அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசரை இதய மட்டத்தில் வைத்து ஜீரோ செய்தபோது மணி 2.40. சராசரி 51.

சார்ட்டில் நீங்கள் பார்த்த வெற்றிடம் இதுதான். இல்லாத எண்ணை எழுதத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எனக்குக் கடிதமே வந்திருக்காது.

கோகோ பிழைத்து, அடுத்த வாரம் வார்டுக்குப் போனார். இரண்டு மணிக்கட்டிலும் நீலம் பாரித்திருந்தது. என்ன காயம் என்று மகள் கேட்டாள். பை ஒழுகியது என்று எப்படிச் சொல்வது?

லிஃப்ட் பக்கத்தில் "பாதோ பெலே" போஸ்டர் புதிதாக, பளபளவென்று மாட்டியிருக்கிறார்கள். மக்களே முதலில் என்று அரசாங்கம் 1997-இல் சொன்னது. ஃப்ரேமுக்குள் போட்டு, கண்ணாடி வைத்து, நான்கு மாடியிலும் மாடிக்கு ஒன்று. அதை மாட்டிய ஆளுக்கு ஆணி தட்டுப்பாடு வரவில்லை. 2023-இல் மின்வெட்டு அடிக்கடி வந்தபோதுகூட பேட்டரியில் பம்பை ஓட்டி, டார்ச் பிடித்து சார்ட் எழுதினோம். அப்போது யாரும் எங்களுக்குக் கடிதம் தரவில்லை, பாராட்டிக்கூட. எங்களோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக சவூதிக்கும் அயர்லாந்துக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். இருக்கிறவர்களுக்கு விளக்கம் எழுதத்தான் நேரம்.

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. ஆறு பிரஷர் பேக். அதோடு பெரிய அளவு கைப்பட்டை இரண்டு. இதற்கு டெண்டர், கமிட்டி எல்லாம் உண்டு என்பது எனக்கும் தெரியும். அடுத்த வாரியக் கூட்டத்தில் நீங்கள் வாய்திறந்து ஒரு தடவை கேட்டால் போதும் என்று நம்புகிறேன். தயவுசெய்து கேளுங்கள். நான்கு தருகிறோம் என்பார்கள். ஆறு என்றே எழுதி வாங்குங்கள். அன்று நல்லதாக இருந்த இரண்டிலும் ஒன்று போன வாரம் ஒழுக ஆரம்பித்துவிட்டது.

பணிவுடன்,
இரவு ஷிஃப்ட் நர்ஸ்
டர்பன்