விபத்து இழப்பீட்டு உதவியாளர்களுக்கு விதிமுறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்தில் அடிபட்டவருக்குக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள், இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்லிக் கட்டிலருகே ஒருவர் வந்து நிற்பது நம் குமரி மாவட்டத்தில் பழகிப்போன காட்சி. ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற சட்டத்திருத்தத்தைச் சொல்லி அவசரப்படுத்தி, எழுதப்படாத தாள்களில் கையெழுத்து வாங்கி, கிடைக்கும் தொகையில் பங்கும் பேசிவிடுகிறார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதோ, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதோ கூடாதென்று வழக்கறிஞர்களையே பார் கவுன்சில் விதிகள் தடுக்கும்போது, எந்தப் பதிவும் இல்லாத இடைத்தரகருக்கு அந்தப் பங்கு எப்படிச் செல்லும்?

ஆனாலும் உதவியாளரே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. கேரளத்தின் பாறசாலையில் விபத்து, சிகிச்சை திருவனந்தபுரத்தில், வீடு நம் மாவட்டக் களியக்காவிளையில் என்றிருக்கும் குடும்பத்துக்கு, தான் வசிக்கும் மாவட்டத்துத் தீர்ப்பாயத்திலேயே மனு செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவு இடம் தருகிறது என்பதை யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று அலையவும் ஆள் வேண்டும். அன்றாடக் கூலியில் வாழும் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி இதற்கென எத்தனை நாள் வேலையை விடுவார்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், விபத்துக் காப்பீட்டுப் பலன் கோருவோருக்காகக் கட்டணம் பெற்று வாதாடும் சட்ட உதவியாளர்கள் 2007 முதல் அங்குள்ள சட்டக் கழகத்தின் உரிமம் பெற்றே தொழில் செய்கிறார்கள். தங்கள் தவறால் கட்சிக்காரருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யத் தனிக் காப்பீடும் வைத்திருக்க வேண்டும். நம் நாட்டிலோ 2023-இல் திருத்தப்பட்ட வழக்கறிஞர்கள் சட்டம், வழக்குப் பிடிக்கும் தரகர்களின் பட்டியலை வெளியிட மாவட்ட நீதிபதிக்கும் ஆட்சியருக்கும் அதிகாரம் அளிப்பதோடு நின்றுவிடுகிறது. பட்டியலில் சேர்ந்த பிறகும் தரகு செய்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் என்பதைப் படித்து எந்தத் தரகரும் தொழிலை விடப் போவதில்லை.

எனவே, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெயர் பதிந்தவர்கள் மட்டுமே இவ்வுதவியைச் செய்யலாம் என்றும், கட்டணத்தை விழுக்காடாக அல்லாமல் ரூபாயில், தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும், சிகிச்சையில் இருப்பவரிடம் கையெழுத்துக் கேட்கக் கூடாது என்றும் அரசு விதி வகுக்க வேண்டும். விபத்து நடந்த பத்து நாட்களுக்குள், பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவத்தைக் காவல்துறை விசாரணை அதிகாரி அவருக்குத் தர வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதி. அந்தப் படிவம் தமிழில், இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுடன், ஒவ்வொரு குடும்பத்தின் கைக்கும் போய்ச் சேருவதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் உடனே உறுதிசெய்ய வேண்டும்; இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை.