அணை நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் கண்மாய்க்கும் மூன்று வரி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகை கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது பெரியாறு, வைகை அணைகளின் நீர்மட்டம் போடுகிற அந்தச் சின்னக் கட்டத்தைத்தான். எனக்கு வயலும் இல்லை கிணறும் இல்லை, பழங்காநத்தத்தில் வாடகை வீட்டில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறேன். ஆனாலும் வைகை அணையின் முழு மட்டமான 71 அடிக்கு எத்தனை அடி நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியாது. அது ஏன் என்று சொல்லிவிட்டு ஒரு விண்ணப்பமும் வைக்கிறேன்.

நாங்கள் இருபது இருபத்தைந்து பேர் மாதத்தில் இரண்டு ஞாயிறு விடியற்காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏதாவது ஒரு கண்மாய்க் கரைக்கோ மலையடிவாரத்துக்கோ போய் நடக்கிறோம். சங்கம் கிடையாது, சந்தா கிடையாது, எங்களுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், நர்ஸ் இரண்டு பேர், வாரம் முழுக்க ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகள் எல்லோரும் அத்தை என்று கூப்பிடுகிற எழுபது வயது அம்மா ஒருவர். நடப்பது ஆறு ஏழு கிலோமீட்டர்தான், அதற்கு நான்கு மணி நேரம் ஆகும். பேச்சு அப்படி.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் நடைப்பயிற்சி பற்றி வருவதை ஒன்று விடாமல் வாசிக்கிறேன். பத்தாயிரம் அடி, எட்டுப் போட்டு நடப்பது, எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் அந்தக் கட்டுரைகளில் நடக்கிறவர் எப்போதும் தனியாகவே நடக்கிறார். சர்க்கரை வந்த புதிதில் நானும் மொட்டை மாடியில் மூன்று மாதம் எட்டுப் போட்டேன், அப்புறம் மனசு ஒட்டாமல் விட்டுவிட்டேன். இவர்களோடு ஆறு வருடமாக நடக்கிறேன், ஒரு ஞாயிறு தப்பினால் அந்த வாரமே சரியாக ஓடுவதில்லை.

மதுரைக்காரர்களுக்குக் கண்மாய் என்றால் பஸ் ஜன்னல் வழியாகத் தெரிகிற தண்ணீர், அவ்வளவுதான். ஐப்பசியில் மழை சரியாகப் பிடித்த வருடம், கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்வதைக் கரையில் நின்று பார்க்க வேண்டும். மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்குக்கு இருநூறு அடி தள்ளியே இரைச்சல் ஆரம்பித்துவிடும், பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதற்குக் காதில் கத்த வேண்டும். கீழே ஊர்ப் பையன்கள் கொசுவலையை நான்கு மூலையிலும் பிடித்துக்கொண்டு கெண்டைப்பொடி அள்ளுவார்கள். கரை நெடுக முடக்கத்தான் படர்ந்து கிடக்கும். அத்தை ஒரு காயைப் பிய்த்து உடைத்து, உள்ளே இருந்த கறுப்பு விதையை ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைத்தார். மிளகளவு விதை, அதில் வெள்ளையாக ஒரு இதயக் குறி, அச்சடித்த மாதிரி. "இது இருந்தா முடக்கத்தான். இல்லன்னா தொடாத" என்றார். அன்றைக்கு ஆளுக்கு ஒரு கட்டு பறித்துக்கொண்டு வந்தோம், எங்கள் வீட்டில் இரண்டு நாள் அந்தத் தோசைதான்.

அங்கேதான் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களை நிறுத்தி, எந்தக் கோயிலுக்கு நடந்து போறீக என்று கேட்டார்கள். கோயிலுக்கு இல்லை, சும்மாதான் என்றோம். சும்மா எதுக்கு நடக்கணும் என்று கேட்டார்கள், எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. பழனிக்கு நடப்பார்கள், அழகரோடு நடப்பார்கள், வேலைக்கு நடப்பார்கள், இது எதிலும் சேராத நடையை அவர்கள் பார்த்ததில்லை. அடுத்த முறை அதே கரையில் போனபோது தூரத்திலேயே, "சும்மா நடக்குறவுக வந்துட்டாக" என்று குரல் வந்தது. வரப்பில் உட்கார வைத்துத் தூக்குவாளியில் இருந்து நீராகாரம் ஊற்றிக் கொடுத்தார்கள்.

மார்கழியில் வாடிப்பட்டி, அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் போவோம். தை பிறந்ததும் ஜல்லிக்கட்டு என்பதால் கண்மாய்களில் காளைகளுக்கு நீச்சல் நடக்கும். பனி இறங்கிய தண்ணீரில் தலையும் திமில் நுனியும் மட்டும் தெரிய, மூக்கைத் தூக்கிப் புஸ் புஸ் என்று ஊதிக்கொண்டு காளை வரும், கயிற்றைப் பிடித்தபடி பையனும் கூடவே நீந்துவான். கரை ஏறியதும் அது உடம்பை உதறுகிற உதறலில் பத்தடி தள்ளி நிற்கிறவர்களும் நனைந்துபோவார்கள். வாடிவாசலில் சில நொடி பார்க்கிற மாட்டுக்குப் பின்னால் இத்தனை விடியற்காலைகள் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

தை அறுப்பு முடிந்ததும் வயல் வழியாகவே குறுக்கே நடக்கலாம். மாசியில் வெயில் ஏறுவதற்குள் மலைகளை முடித்துவிடுவோம். அரிட்டாபட்டிக்கு வருடா வருடம் போகிறோம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், 193 ஹெக்டேருக்குச் சற்று மேல். அங்கே ஏழு குன்றுகளும் 72 நீர்நிலைகளும் இருப்பதாக அரசு அறிவிப்பே சொல்கிறது. அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் பற்றி 2024 நவம்பரில் செய்தி வந்தபோது எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, அங்கே இருக்கிற குடைவரைக் கோயில் பாறையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்ட பிள்ளைகள் அவர்கள். அந்த ஊர்க்காரர்கள் விடாமல் நின்றார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதற்கடுத்த நடையில் அங்கே டீக்கடைக்காரர் எங்களிடம் காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

பங்குனியில் கண்மாய் வற்றி, மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழா. பெரியவர் ஒருவர் துண்டை வீசியதும் ஊரே ஊத்தாக் கூடையும் வலையுமாகச் சேற்றில் இறங்கும், பிடித்ததை விற்காமல் வீட்டில் குழம்பு வைப்பார்கள். சித்திரையில் அழகர் மலையை விட்டுக் கிளம்பினால் எங்களுக்குத் தனியாக நடை எதற்கு, அவர் வருகிற வழியில் முடிந்த தூரம் சேர்ந்துகொள்வோம். வைகாசி, ஆனியில் எட்டு மணிக்கு மேல் ஆகாது. ஆடிக் காற்றில் கரைமேல் நடக்க முடியாது, சோழவந்தான் போய்விடுவோம். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு அகத்தி நிழலில் ஈர மண்ணை மிதித்தால் அந்தக் குளிர்ச்சி உச்சந்தலை வரை ஏறும்.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன்.

அணை நீர்மட்டம் பாதி சேதிதான் சொல்கிறது. பெரியாற்றுத் தண்ணீர் வைகை அணைக்கு வந்து, பேரணையில் திரும்பி, பெரியாறு கால்வாயில் விழுந்தால் வாடிப்பட்டி, மேலூர்க் கண்மாய்களுக்கு வந்து சேரும். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசல் காட்டில் பெரும்பாலும் மழைக் கண்மாய்கள், அவற்றின் நிலை எந்தக் கட்டத்திலும் வருவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசியில், நல்ல மழை என்று நம்பி, இருபத்து மூன்று பேர் இரண்டு பஸ் மாறி ஒரு கண்மாய்க்குப் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். வரத்துக் கால்வாய் தூர்ந்துபோய்த் தண்ணீர் வேறு பக்கம் போய்விட்டது, கண்மாய் காய்ந்து கிடக்கிறது, கரை முழுக்கச் சீமைக்கருவேலம் அடைத்து ஆடு நுழையக்கூட வழியில்லை. அத்தை கரிசல் சேற்றில் செருப்பு மாட்டி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். எங்களுக்கு ஒரு ஞாயிறு போனது. அந்த ஊருக்கு ஒரு போகமே போனது, அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

அதனால் கேட்கிறேன். சனிக்கிழமை மட்டும், அந்த நீர்மட்டக் கட்டத்துக்குக் கீழே மூன்று வரி. எந்தக் கண்மாய் நிறைந்தது, எங்கே மறுகால் பாய்கிறது, எந்தக் கரையில் நடக்கலாம். உங்கள் கிராமத்து நிருபர்களுக்கு இது தெரியாத விஷயமே இல்லை. எங்களைப் போல நடக்கிறவர்கள் மதுரையில் இன்னும் பலர் உண்டு, பசுமை நடை நண்பர்கள் 2010இலிருந்தே குன்றுகளுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறார்கள். ஆனால் தனியாக மாடியில் எட்டுப் போடுகிறவருக்கு, பக்கத்திலேயே தண்ணீர் நிற்கிறது, பஸ் போகிறது என்று யாராவது எழுதிக் காட்டினால்தானே தெரியும். நாங்கள் பார்த்ததை நாங்களே எழுதி அனுப்பவும் தயார். மாதிரிக்குப் போன ஞாயிறு பார்த்தது:

கீழக்குயில்குடி. ஐயனார் கோயில் பக்கத்துத் தாமரைக் குளம் நிறைந்திருக்கிறது, பூ கரைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. சமணர் மலைப் பாறையில் மழை ஈரம் காயவில்லை, செட்டிப்புடவுக் குகைக்குப் போகிறவர்கள் மெதுவாக ஏறவும். ஆலமரத்தடியில் உட்கார நிறைய இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழங்காநத்தம், மதுரை.